வாலண்டரின் ஈஸ்டாட்: நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஊரைப் பார்ப்பது எப்படி

ஸ்வீடனின் தென்கோடியில், பால்டிக் கடலைப் பார்த்தபடி, ஈஸ்டாட் என்ற சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. ஹென்னிங் மான்கெல் படைத்த குர்ட் வாலண்டர் என்ற காவல் அதிகாரி வேலை பார்ப்பதும், தூக்கம் வராமல் இரவில் நடப்பதும், வயல்வெளிச் சாலைகளில் கார் ஓட்டிக்கொண்டு அலைவதும் இந்த ஊரில்தான். அந்த நாவல்களில் ஒன்றிரண்டைப் படித்தவருக்கே ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். மான்கெல் தெருக்களின் பெயரை மாற்றவில்லை. கடற்கரைகளையும் காடுகளையும் பெரும்பாலும் அவற்றின் உண்மைப் பெயராலேயே அழைத்தார். அந்த ஆசையை நல்ல பயணமாக மாற்ற என்ன செய்ய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை இரண்டு முறை போய்வந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் வேலை, வரிசையில் உள்ள எல்லா நாவல்களையும் மறந்துவிட்டு ஒரே ஒரு நாவலைத் தேர்ந்தெடுப்பது. இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். முதல் முறை நான் எல்லா நாவல்களின் இடங்களையும் ஒரே பட்டியலாக எழுதிக்கொண்டு ஜூலை மாதத்தில் போனேன். மூன்று நாளில் முப்பது இடங்களைப் பார்த்தேன். எந்த இடத்திலும் கதை கண்முன் வரவில்லை. இளமஞ்சளும் ரோஜா நிறமும் பூசிய வீடுகளுக்கு முன்னால் வெயிலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு, மூடுபனியில் விளக்கில்லாத பண்ணை வீட்டை நினைத்துப் பார்ப்பது கடினமாக இருந்தது. இரண்டாம் முறை ஒரே நாவலுடன், அந்த நாவல் நடக்கும் பருவத்திலேயே போனேன். ஊர் அப்போதுதான் பிடிபட்டது.

ஆகவே நாவலைத் தேர்ந்தெடுப்பது என்பது மாதத்தைத் தேர்ந்தெடுப்பதும்தான். வரிசையின் முதல் நாவலான ‘ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்’ 1991இல் ஸ்வீடிஷ் மொழியில் வெளியானது. 1990 ஜனவரியில், ஊருக்கு வெளியே தனித்த பண்ணை வீட்டில் ஒரு முதிய தம்பதி தாக்கப்படுவதில் அது தொடங்குகிறது. அந்தக் கதையின் குளிரையும் காற்றையும் அறிய விரும்புபவர் ஜனவரி அல்லது பிப்ரவரியில்தான் போக வேண்டும். 1992இல் வந்த ‘தி டாக்ஸ் ஆஃப் ரீகா’வும் குளிர்கால நாவல்தான், இரண்டு பிணங்களைச் சுமந்த ரப்பர் படகு ஒன்று மோஸ்பி கடற்கரையில் ஒதுங்குவது அதன் தொடக்கம். கோடையில் போகக்கூடியவர்களுக்கு 1995இல் வெளியான ‘சைட்டிராக்டு’ பொருந்தும். 1994ஆம் ஆண்டின் கோடையில், எல்லோரும் உலகக் கோப்பைக் கால்பந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாட்களில், மஞ்சள் பூத்த வயல் ஒன்றில் ஓர் இளம்பெண் தன்மேல் தீ வைத்துக்கொள்வதை வாலண்டர் தடுக்க முடியாமல் பார்த்து நிற்கிறார். 1997இல் வந்த ‘ஒன் ஸ்டெப் பிஹைண்ட்’ நாவலிலும் கோடைதான். நள்ளிரவு வரை கொண்டாடும் நடுக்கோடைத் திருநாளில் ஹாகெஸ்டாட் காட்டுக்குள் கூடிய இளைஞர்கள் வீடு திரும்புவதில்லை.

பகலின் நீளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தின் பிற்பாதியில் பகல் 17 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. டிசம்பர் இறுதியில் அது 7 மணி நேரமாகச் சுருங்கி, மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடுகிறது. குளிர்காலத்தில் போகிறவர் ஊருக்கு வெளியே உள்ள இடங்களை முற்பகலிலேயே பார்த்துவிட்டு, தெருக்களை மாலைக்கு ஒதுக்குவது நல்லது. அந்த மாலையைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. ஈரமான கருங்கல் பாவிய தெருவில் ஜன்னல் விளக்குகள் மட்டும் தெரியும் அந்த நேரத்தில்தான் நாவலின் ஊரும் நேரில் காணும் ஊரும் மிக நெருங்கி நிற்கின்றன.

நாவலும் மாதமும் முடிவான பிறகு, அதை மறுபடியும் ஒரு முறை பென்சிலோடு படிக்க வேண்டும். இந்த முறை யார் கொலைகாரர் என்பது நமக்குத் தெரியும் என்பதால், வாலண்டர் எந்தத் தெருவில் திரும்புகிறார், எங்கே காரை நிறுத்துகிறார், எங்கிருந்து கடலைப் பார்க்கிறார் என்பதில் கவனம் தானாகவே செல்லும். அடிக்கோடிட்ட பெயர்களைக் கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளும்போது அவற்றை மூன்று வகையாகப் பிரித்து வைப்பது பின்னால் ஏமாற்றத்தைத் தவிர்க்கும். வாலண்டர் குடியிருக்கும் மரியாகாட்டன் தெரு, ஸ்டூர்டோரியெட் சதுக்கம் போல அப்படியே இருப்பவை ஒரு வகை. இடம் உண்மையாகவும் அங்கே நிற்கும் வீடு கற்பனையாகவும் இருப்பவை இன்னொரு வகை. முதல் நாவலில் அந்த முதிய தம்பதி வாழும் லேனார்ப் என்ற சிற்றூர் போல, அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர்களின் சாயலில் மான்கெல் உருவாக்கியவை மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகையைத் தேடி அலைந்து நேரத்தை வீணாக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, அந்தப் பக்கத்துச் சாலை ஒன்றில் நடந்து, இரண்டு பண்ணை வீடுகளுக்கு நடுவே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதைப் பார்த்தாலே போதும். அந்தத் தம்பதியின் பக்கத்து வீட்டுக்காரர் பின்னிரவு வரை எதையும் அறியாமல் இருந்தது எப்படி என்பதும், அறிந்தபோது அவருக்கு ஏற்பட்ட அச்சம் எத்தகையது என்பதும் அந்த வெட்டவெளியில் நின்றால்தான் விளங்கும்.

இங்கே மான்கெலைப் பற்றி ஒரு வார்த்தை. 1948இல் பிறந்து 2015இல் மறைந்த அவர், வாழ்நாளில் பெரும் பகுதியை மொசாம்பிக்கில் நாடகக் குழுவோடு கழித்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது தன் நாட்டில் வெளியார் மீது வளர்ந்திருந்த வெறுப்பைக் கண்டு, அதை எழுதுவதற்கு ஒரு காவல் அதிகாரி தேவை என்று எண்ணியே வாலண்டரை உருவாக்கினார். பெயரைத் தொலைபேசி விவரத் தொகுப்பிலிருந்து எடுத்தார். அயல்நாட்டுக் கப்பல்கள் வந்துபோகும் ஒரு துறைமுக ஊரை அவர் களமாகக் கொண்டது ஏன் என்பது, ஈஸ்டாட் துறைமுகத்தில் நின்று போலந்துக்கும் டென்மார்க்கின் பார்ன்ஹோம் தீவுக்கும் புறப்படும் பெரிய படகுகளைப் பார்க்கும்போது புரியும். எனவே துறைமுகத்தைப் பட்டியலில் கடைசியில் தள்ளிவிட வேண்டாம்.

இனி பயண ஏற்பாடு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். அது எந்த 180 நாட்களிலும் அதிகபட்சம் 90 நாட்கள் தங்க அனுமதிக்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஈஸ்டாடுக்கு மிக வசதியான விமான நிலையம் ஸ்வீடனில் இல்லை, டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கிறது. இதனால் சிலர் டென்மார்க் விசாவுக்கு விண்ணப்பித்துவிடுகிறார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிப்பதே விதி. ஆகவே ஸ்வீடனிடம்தான் கேட்க வேண்டும்.

கோபன்ஹேகன் விமான நிலையத்தின் ரயில் நிலையத்திலிருந்தே ஸ்வீடனின் மால்மோ நகருக்கு ரயில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஓரெசுண்ட் பாலத்தின் மேல் கடலைக் கடக்கும் அந்தப் பயணம் ஏறத்தாழ அரை மணி நேரம். ஸ்வீடன் பக்கத்தில் அதிகாரிகள் ஏறி ஆவணங்களைப் பார்க்கக்கூடும் என்பதால் கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் பூட்டாமல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மால்மோவில் ஊதா நிற ரயிலுக்கு மாறினால் ஐம்பது நிமிடங்களுக்குள் ஈஸ்டாட். இந்த மாகாணத்தின் ரயிலையும் பேருந்தையும் ஸ்கோனேட்ராஃபிக்கென் என்ற ஒரே அமைப்பு நடத்துகிறது. அதன் செயலியில் பயணச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். பொதுவாகவே ஸ்வீடனில் குரோனா நோட்டுகளுக்கு வேலை குறைவு, அட்டைதான் எல்லா இடத்திலும் செல்லும். ஊர்ப் பெயரைச் சொல்லும்போது, உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டு ‘ஈ’ என்று தொடங்கினால் அவர்கள் உச்சரிப்புக்கு அருகில் வரும்.

ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே சுற்றுலா அலுவலகம் இருக்கிறது. வாலண்டர் தடங்களைக் குறித்த வரைபடத்தை அங்கே கேட்டுப் பெறலாம். ஆனால் அதைப் பார்த்து உங்கள் பட்டியலைப் பெரிதாக்காமல், நீங்கள் பென்சிலால் குறித்தவை சரிதானா என்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். ஊர் சின்னது, நடுப்பகுதியை அரை நாளில் நடந்து முடித்துவிடலாம். மரச்சட்டங்களுக்கு நடுவே செங்கல் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் இங்கே முந்நூறு அளவில் நிற்கின்றன. பெர் ஹெல்சாஸ் கோர்ட் என்ற முற்றத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதைப் பார்க்கலாம். 1267இல் தொடங்கப்பட்ட ஃபிரான்சிஸ்கன் துறவியர் மடம் இப்போது அருங்காட்சியகம். 1894இல் கட்டிய நாடக அரங்கு துறைமுகத்துக்கு அருகில் இருக்கிறது. இசை நாடகப் பாட்டுகளைக் காரில் ஓடவிட்டு ஓட்டும் வாலண்டரை நினைவில் வைத்திருப்பவர் அதன் முன் சற்று நிற்காமல் போக மாட்டார்.

மரியாகாட்டன் தெருவை எல்லோரும் தேடிப் போகிறார்கள். பத்தாம் எண் வீடு வாலண்டர் குடியிருந்த அடுக்ககம் என்று நாவல்கள் சொல்கின்றன. போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது அழகான தெரு அல்ல. அஞ்சல் அட்டைகளில் வரும் பழைய நகரத்திலிருந்து விலகி, சாதாரணச் செங்கல் குடியிருப்புகள் வரிசையாக நிற்கும் தெரு அது. பார்த்தவுடன் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். எனக்கும் முதல் முறை அப்படித்தான் தோன்றியது. பின்னர் எதிர்ப்புறம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அழுக்குத் துணி குவிந்து கிடக்க, அடுக்ககத்தின் பொதுச் சலவை அறையில் முறை பதிவு செய்ய மறந்து, மகளிடமிருந்து அழைப்பு வராதா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும், மணமுறிவு பெற்ற நடுவயதுக்காரர் ஒருவர் வேறு எப்படிப்பட்ட வீட்டில் இருந்திருக்க முடியும்? ஊரின் அழகுக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்பதை மான்கெல் ஒரு தெருவின் பெயரை வைத்தே சொல்லிவிட்டார். அந்த வீட்டில் இன்று மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். நுழைவாயில் பெயர்ப் பலகையைப் படம் எடுப்பது, அழைப்பு மணியை அழுத்துவது, ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது ஆகிய மூன்றும் கூடாது. காவல் நிலையத்துக்கும் இதே மரியாதை வேண்டும். அது உண்மையான காவலர்கள் வேலை பார்க்கும் இடம், சாலையில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கும் நாவலே வழி காட்டும். நாவல்களில் இடம்பெறும் ஃப்ரிடால்ஃப்ஸ் காபிக் கடையிலும், 1829இல் தொடங்கிய ஹோட்டல் கான்டினென்டலிலும் வாசகர்கள் வந்து அமர்வது வழக்கம். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இந்த ஊரில் பல கடைகள் சீக்கிரமே மூடிவிடும். காபிக் கடையில் புத்தகத்தைத் திறந்து, அன்று காலை நடந்த தெரு வரும் பக்கத்தை மறுபடி படிப்பது நான் கைக்கொண்ட முறை. ‘அவர் ஓஸ்டர்லேடன் வழியாகத் திரும்பினார்’ என்ற ஒற்றை வரி, காலையில் அந்தச் சாலையின் வளைவில் முகத்தில் அறைந்த காற்றோடு சேர்ந்து படிக்கும்போது வேறொரு வரியாகிவிடுகிறது.

திரைவடிவங்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. ரோல்ஃப் லாஸ்கோர்ட், கிறிஸ்டர் ஹென்ரிக்சன், கென்னத் பிரானா எனப் பல நடிகர்கள் வாலண்டராக நடித்திருக்கிறார்கள். ஹென்ரிக்சன் நடித்த ஸ்வீடிஷ் தொடரும், 2008இல் தொடங்கிய பிபிசியின் பிரானா தொடரும் ஈஸ்டாடிலேயே படமாக்கப்பட்டன. படப்பிடிப்புக்கு வசதியான வீடுகளையும் கடற்கரைகளையும் அவர்கள் தேர்ந்தெடுத்ததால், திரையில் வாலண்டரின் வீடாகத் தெரிவது மரியாகாட்டன் அல்ல. இரண்டையும் கலந்து தேடினால் குழப்பமே மிஞ்சும். திரைத்தொடர் பிடித்தவர்களுக்கென்று, முன்பு ராணுவப் படையின் குடியிருப்பாக இருந்த வளாகத்தில் அமைந்த ஈஸ்டாட் ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே பார்வையாளரை அனுமதிக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு தனியாக ஓர் அரை நாள் ஒதுக்கலாம்.

ஆனால் என் கருத்தில் இந்த நாவல்களின் உயிர் ஊருக்குள் இல்லை, ஊருக்கு வெளியே இருக்கிறது. பிணங்கள் கிடைப்பதும், வாலண்டர் காரை நிறுத்திவிட்டு யோசிப்பதும் பெரும்பாலும் வயல்களிலும் கடற்கரைகளிலும்தான். ஆகவே தங்கும் நாட்களில் பாதியையாவது வெளியே செலவிடுங்கள். கார் ஓட்டத் தெரிந்தவர் ஒரு நாளுக்கு வாடகைக் கார் எடுப்பது நல்லது. கோடையில் சைக்கிளும் போதும், நிலம் பெரும்பாலும் சமதளம்தான், எதிர்க்காற்று மட்டும் சோதிக்கும்.

கிழக்கே போனால் முதலில் லோடரூப். வாலண்டரின் தந்தை அங்கேதான் ஒரே நிலக்காட்சியைத் திரும்பத் திரும்ப, சிலவற்றில் ஒரு காட்டுப் பறவையைச் சேர்த்தும் சிலவற்றில் சேர்க்காமலும், வரைந்துகொண்டே இருந்தார். மேடும் பள்ளமுமாக மெல்ல அலையடிக்கும் வயல், தொலைவில் கோடாகத் தெரியும் கடல், நாளெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் வெளிச்சம் ஆகியவற்றைப் பார்த்தால் அந்தக் கிழவரின் பிடிவாதம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றாது. அருகில் கோசெபெர்யா என்ற மீனவர் ஊர். துறைமுகத்திலிருந்து மேட்டில் ஏறினால் 59 பெரிய பாறைகள் கப்பல் வடிவில் 67 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ஆலெஸ் ஸ்டேனார். கட்டணம் இல்லை, காற்றுத் தடுக்கும் மேலாடை மட்டும் வேண்டும்.

இன்னும் கிழக்கே ஹாகெஸ்டாட் இயற்கைக் காப்பகம், ‘ஒன் ஸ்டெப் பிஹைண்ட்’ நாவலின் காடு. மணல்மேடும் பைன் மரங்களுமாக, கோடைப் பகலில் அச்சமூட்டாத இடம் அது. அச்சத்தை உணர வேண்டுமானால் பாதையில் சற்று உள்ளே போய் நின்று, எத்தனை அடி தள்ளி நிற்பவர் மரங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் போகிறார் என்று பார்த்தால் போதும். அதே பகுதியில் பக்கோக்ரா என்ற பண்ணை இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்து, 1961இல் ஆப்பிரிக்காவில் விமான விபத்தில் இறந்த டாக் ஹம்மர்ஷோல்டு 1957இல் வாங்கிய பண்ணை அது. நாவலோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும், ஸ்வீடனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே வாழ்ந்த மான்கெலின் காட்டுக்குப் பக்கத்தில் அது அமைந்திருப்பதைப் பார்க்காமல் வர எனக்கு மனம் வரவில்லை.

மேற்கே மோஸ்பி கடற்கரையும், உள்ளே தள்ளி மார்ஸ்வின்ஸ்ஹோல்மும் இருக்கின்றன. ‘சைட்டிராக்டு’ நாவலின் மஞ்சள் வயல் இந்த மார்ஸ்வின்ஸ்ஹோல்ம் பக்கத்தில்தான். கடுகின் உறவான ரேப்சீட் என்ற எண்ணெய்வித்துப் பயிர் அது. நாவலில் சம்பவம் நடப்பது ஜூன் மாதத்தில் என்றாலும், வயல்கள் அடிவானம் வரை மஞ்சளாக நிற்பதைக் காண மே மாதத்தின் பிற்பாதியே உகந்தது. பயிர் மார்பளவுக்கு நிற்கும். உள்ளே நிற்பவரின் தலையும் தோளும்தான் வெளியே தெரியும். அந்தப் பெண் வெகுநேரம் அசையாமல் நின்றதை முதலில் பார்த்த விவசாயிக்கு ஏன் அவ்வளவு கலக்கம் ஏற்பட்டது என்பதை வரப்பில் நின்றாலே உணரலாம். வரப்பிலேயே நின்றுவிடவும் வேண்டும். ஸ்வீடனில் அலமான்ஸ்ரெட்டன் என்ற மரபுரிமை உண்டு. அதன்படி தனியார் காட்டிலும் வெளியிலும் யாரும் நடக்கலாம். ஆனால் வளர்ந்து நிற்கும் பயிருக்குள் இறங்குவதற்கும், குடியிருக்கும் வீட்டை ஒட்டிய நிலத்தில் நுழைவதற்கும் அந்த உரிமை இடம் கொடுப்பதில்லை. படத்துக்காகப் பயிரை மிதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தங்குமிடத்தை மால்மோவில் போட்டுக்கொண்டு பகலில் மட்டும் ஈஸ்டாடுக்கு வந்துபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம்; இரண்டு இரவாவது ஊருக்குள்ளேயே தங்குங்கள். பகல் பயணிகள் மாலை ரயிலில் திரும்பிவிடுவதால் அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று இங்கே இரவில் உண்டு. ஸ்டூர்டோரியெட் சதுக்கத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய சாங்க்டா மரியா தேவாலயத்தின் கோபுரத்தில் இன்றும் ஒரு காவலர் இருக்கிறார். இரவு 9.15 மணி முதல் 1 மணி வரை, கால் மணிக்கு ஒருமுறை, ஊரில் தீயில்லை, எல்லாம் நலம் என்பதை அறிவிக்க நான்கு திசையிலும் கொம்பு ஊதுகிறார். காவல் நேரத்தில் தூங்கிவிட்டால் அந்தக் காலத்தில் தலையைக் கொய்துவிடுவார்கள் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். ஒன்பது மணிக்கே சதுக்கத்துக்கு வந்து, கோபுரத்தின் ஜன்னல்கள் தெரியும்படி நின்றுகொள்ளுங்கள். முதலில் கடிகாரம் அடிக்கும். அதன் பிறகு ஒரு ஜன்னலில் கொம்பின் வாய் நீண்டு, தாழ்ந்த, கரகரத்த ஒலி ஒன்று எழும். அதோடு திரும்பிவிடாதீர்கள். காவலர் அடுத்த ஜன்னலுக்கு நடந்து போக நேரம் எடுக்கும். மறுபக்கம் ஊதும்போது அதே ஒலி கூரைகளுக்கு அப்பாலிருந்து, வேறு யாரோ பதில் சொல்வது போல மெலிந்து கேட்கும்.

நான்காவது திசையும் முடிந்தபின் அங்கிருந்து மரியாகாட்டனுக்கு நடந்து போங்கள். வழியில் அடுத்த கால் மணியின் கொம்பு முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும்.